நிழல் போட்ட ஓட்டு

உலகக் கால்பந்து வரலாறு இன்றோடு இரண்டாகப் பிரிகிறது என்றும், இதற்கு முந்தியது ரசிகன் கத்திய காலம், இனி வருவது ரசிகன் ஆளும் காலம் என்றும், இந்த அறிவிப்பைக் காதால் கேட்கும் பேறு பெற்றவர்கள் தங்கள் சந்ததியாருக்கு இதை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும், பக்கிங்காம் எஃப்.சி. நிர்வாகம் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நட்சத்திர ஓட்டலில், சமோசாவுக்குச் சற்று முன்னதாக அறிவித்தது.

பக்கிங்காம் என்றதும் லண்டன் அரண்மனை ஞாபகத்துக்கு வருகிறவர்கள் ஒரு தடவை வியாசர்பாடிப் பக்கம் வந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கலாம். அணிக்கு வைத்த பெயர் அங்கே ஓடும் கால்வாயினுடையது.

இந்த அறிவிப்பைத் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த கஜபதிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயுள் காப்பீட்டு முகவர் அவர். ‘ஒருவேளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்’ என்று ஊரையெல்லாம் மிரட்டிக் குடும்பம் நடத்துகிறவர் அவ்வளவு சுலபத்தில் சிலிர்க்கக்கூடியவர் இல்லை.

“கேட்டியா?” என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இனிமே எவன வெச்சிக்கிறது, எவன அனுப்பறதுன்னு நாங்கதான் முடிவு பண்ணப் போறோமாம்.”

“நாங்கன்னா யாரு?” என்றாள் சகுந்தலா.

“ரசிகருங்கதான். நானு, நம்ம டில்லிபாபு…”

“டில்லிபாபு அண்ணனா? அவரு வூட்டுக்கு ஃபேன் வாங்கறதா வாணாமான்னே மூணு வருசமா முடிவு பண்ணிக்கினு கீறாரு.”

கஜபதி போன் பக்கமே திரும்பிக்கொண்டார். வரலாறு இரண்டாகப் பிரியும்போது பெண்டாட்டியோடு வாயாடிக்கொண்டிருக்க முடியாது.

மற்றவர்களுக்கு மே மாதம் என்றால் கத்திரி வெயில். கஜபதிக்கு அது ஒப்பந்த மாதம். சீசன் முடிந்து மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவரைத் தவிர ஆள் இருக்காது. ஆனால் எந்த ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் முடிகிறது, யாருக்கு நீட்டிப்பு, எவனைக் கழற்றிவிட்டு எவனைக் கொண்டுவருவது என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். வருஷா வருஷம் மே மாதத்தில் மாநகராட்சி மைதானத்துக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு, அணியை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர் நிர்வாகத்துக்கு ஆணையிடுவார். நிர்வாகம் இருந்தது கிண்டியில். டீக்கடை வியாசர்பாடியில். ஆணை போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

இந்த வருஷ ஆணையில் இரண்டே அம்சங்கள். ஒன்று, மிலோவான் என்ற செர்பியாக்காரனை மூட்டை கட்டி அனுப்புவது. ஆறடி நாலங்குல உயரம். முன்வரிசை ஆட்டக்காரன் என்று கூட்டிவந்தார்கள். சீசன் முழுக்க அவன் போட்டது இரண்டு கோல், அதில் ஒன்று நம் வலைக்குள். இரண்டாவது அம்சம், கிருபாவுக்கு இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம்.

கிருபாகரன் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன்; லெஃப்ட் பேக். சத்தியமூர்த்தி நகர்ப் பையன். பதினொரு வருஷமாக ஒரே சட்டை. முப்பத்தொரு வயதாகிவிட்டது, இடது முட்டியில் ஒரு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இங்கே நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் வேறு ஊரில் எவனும் கூப்பிட மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் அந்த வருஷம் மே நெருங்க நெருங்கக் கஜபதிக்குக் கவலை கூடிக்கொண்டே போனது. ரசிகனே ஆளப்போகும் ‘நிழல்’ திட்டத்தின் அறிவிப்பைக் கேட்டதும் அது தீர்ந்தது.

அந்தத் திட்டம் இன்னதென்று விளக்கியவர் டில்லிபாபு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்திலிருந்து பார்த்துப் பார்த்து எதையும் சுருக்கிச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

“நீ ஒண்ணும் பண்ண வாணாம்பா. சீசன் டிக்கெட் வாங்கசொல்ல சம்மதம்னு ஒண்ணு அமுக்குனமே?”

“எல்லாத்துக்குந்தான் அமுக்கறோம்.”

“அதுலதான் கீது. கேலரில ஒவ்வொரு சீட்டுக்கும் அடில மைக்கு. இத்தினி வருசமா நீ கத்துனது, நீ கூவுனது, எல்லாத்தையும் புடிச்சி வெச்சிக்கினு கீறான். அத்த வெச்சி மிஷினுக்குள்ள உன்ன மாறியே ஒரு ஆளு பண்ணிட்டான். நெழல்னு பேரு வெச்சிகீறான். உன் கொரலு, உன் புத்தி. எல்லா நெழலும் ஒண்ணா குந்திப் பேசி ஓட்டுப் போடும். அது சொல்றதுதான் முடிவு.”

“அப்ப நானு?”

“நீ டீ குடி.”

கஜபதி டீ குடித்தார். தன்னுடைய புத்தி, தன்னுடைய உதவி இல்லாமலே கிண்டியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் அந்த டீ வழக்கத்தைவிட இனித்தது.

இங்கே, கஜபதி உட்காரும் வடக்கு கேலரியின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே நம் ஆளை நாமே புகழ்கிறதில்லை. எப்போதோ ஒரு கோல்கீப்பரை யாரோ ஒருவன் “சொவரு மாறி நிக்கிறான்யா!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட, அடுத்த வாரமே அந்தச் சுவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. அன்றிலிருந்து கண்ணேறு கழிக்கும் பொறுப்பைக் கேலரியே ஏற்றுக்கொண்டது. நன்றாக ஆடினால் திட்டு. மிக நன்றாக ஆடினால் மிகக் கேவலமான திட்டு. எதிராளியின் காலிலிருந்து கிருபா பந்தைப் பூப்பறிப்பது போலப் பறித்துக்கொண்டு கிளம்பினால், “கஸ்மாலம்! உனுக்கு எவன்டா பூட்ஸ் குட்த்தது? அனுப்புங்கடா இவன வூட்டுக்கு!” என்று நாலாயிரம் பேர் எழுந்து நின்று கத்துவார்கள். வெளியூர் ரசிகர்கள் கலவரம் என்று நினைத்துக் குடும்பத்தோடு வெளியேறியது உண்டு. ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் கேலரி சும்மா இருந்துவிட, நல்ல ஒரு தடுப்பை முடித்த கிருபா திரும்பி நின்று, ‘ஏன், என்ன தப்புப் பண்ணேன்?’ என்று கையைக் காட்டிக் கேட்டான்.

மிலோவானை மாத்திரம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் பந்தை வானத்துக்கு அடித்தால், “பரவால்ல தொர, அடுத்த தபா பாத்துக்கலாம்” என்பார்கள். அந்த மரியாதையைவிடப் பெரிய கெட்ட வார்த்தை வடக்கு கேலரியில் கிடையாது.

இந்தச் சங்கதியை அங்கே எவரும் வாயால் விளக்கிச் சொன்னதும் இல்லை. விளக்கினால் பலிக்காது.

மே மாதம் மூன்றாவது வாரம் முடிவு வந்தது. கஜபதி அதைப் போனில் பார்க்கவில்லை. முல்லை நகர்ப் பாலத்தில் ஸ்கூட்டரில் ஏறும்போது, எதிரே நின்ற விளம்பரப் பலகையில் பார்த்தார். பலகை முழுக்க அவர் முகம். சீசன் டிக்கெட்டுக்கு எடுத்த படம். தூக்கத்தில் எழுப்பி எடுத்தது போல இருக்கும். பக்கத்தில் கொட்டை எழுத்தில் மேற்கோள்:

‘இந்தக் கஸ்மாலத்தை வீட்டுக்கு அனுப்புங்கடா! — கஜபதி, வடக்கு கேலரி.’

அதற்குக் கீழே: ‘ரசிகர் கேட்டார். நிர்வாகம் செய்தது. கிருபாகரனுக்கு நன்றி, மிலோவானுக்கு மூன்று ஆண்டு நீட்டிப்பு.’

பின்னால் வந்த மாநகரப் பேருந்து ஹாரன் அடித்த பிறகுதான் தான் நடுப்பாலத்தில் நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால், செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

“நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அந்தப் புள்ளய அனுப்ப சொல்லிகீறாங்களாம். அதுல மொத ஆளு நீயாம்,” என்றாள் சகுந்தலா. “அவன் பொண்டாட்டி ரெஜினா மார்க்கெட்ல என்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கினு போறா. இன்னாய்யா பண்ணி வெச்ச?”

“நான் ஒண்ணும் பண்ணல சகுந்தலா. சும்மா திட்டுனேன்.”

“இந்த ஊர்ல நீ திட்டாதது யாரு? என்னக்கூடத்தான் தெனம் திட்டற. நாளைக்கு ஒரு மிஷினு வந்து எனக்கும் நன்றின்னு போர்டு வெச்சா?”

 அப்படி ஒரு மிஷின் இன்னும் வரவில்லை என்று கஜபதியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை டில்லிபாபுவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போனார். கண்ணாடிக் கட்டடம். ரசிகர் நல்லுறவுப் பிரிவின் துணைத் தலைவர் என்று வர்ஷினி என்ற பெண் வந்து கை குலுக்கினாள். முப்பது வயது இருக்கும். கொஞ்சமும் திமிர் இல்லாத பெண். அதனால் சண்டை போடவும் வசதிப்படவில்லை.

“நீங்கதான் கஜபதி சாரா! உங்க நிழல் இங்க பெரிய ஸ்டார் சார். மொத்தக் கேலரியிலயே ரொம்ப உறுதியான கருத்துள்ள ரசிகர்னு உங்களுக்குத்தான் முதலிடம். பதினோரு வருஷத்துல ஒரு மேட்ச்ல கூட நீங்க மாத்திப் பேசல.”

“அந்த நெழலாண்ட நான் பேசணும்மா.”

“தாராளமா,” என்று மேஜையைத் தொட்டாள் வர்ஷினி.

“இன்னா?” என்றது கூரையிலிருந்து ஒரு குரல்.

கஜபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குரலேதான், காலையில் பல் தேய்த்து முடித்ததும் வரும் கரகரப்பு உட்பட.

“யோவ், நான் கஜபதி பேசறேன்.”

“நான்தான் கஜபதி. நீ யாருபா?”

“அப்டியே நீதாம்பா!” என்றார் டில்லிபாபு, வந்த காரியத்தை மறந்து.

“கிருபாவ இன்னாத்துக்கு அனுப்ப சொன்ன?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டார் கஜபதி.

“நான் எங்க சொன்னேன்? நீ சொன்ன. மேட்ச்சுக்கு மேட்ச்சு எழுந்து நின்னு தொண்ட கிழிய சொன்ன. நான் அத்த மதிச்சேன். உன் பேச்ச இதுவரிக்கும் வேற எவனாச்சும் மதிச்சிகீறானா?”

 கஜபதி யோசித்துப் பார்த்தார். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

“அது திருஷ்டிக்குயா! கண்ணு படக்கூடாதுன்னு திட்டுறது!”

“அப்டின்னு நீ ஒரு தபா கூட சொல்லலியே,” என்றது நிழல். “சொல்லாதது எனக்கு எப்டித் தெரியும்? இன்னும் கேளு. அந்த மிலோவான ஒரு தபாவாச்சும் திட்டிகீறியா? தொர தொரன்னு கொஞ்சுன. புடிச்ச ஆளாண்டதான மரியாதயா பேசுவாங்க?”

கஜபதி வர்ஷினியின் பக்கம் திரும்பினார். “அம்மா, இது தப்புமா. நான் நேர்ல வந்து குந்திக்கினு சொல்றேன், கிருபா வேணும். என் ஓட்ட மாத்திப் போட்டுக்க.”

வர்ஷினிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

“நேர்ல வர்ற ரசிகரோட கருத்த நாங்க எடுத்துக்கறதில்ல சார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவாங்க. நீங்க இன்னிக்குச் சொல்றது ஒரு நாள் கருத்து. உங்க நிழல் சொல்றது பதினோரு வருஷக் கருத்து. எத உங்க கருத்துன்னு நாங்க எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க.”

“நானேதான் சொல்றேன்!”

“அதான் சார் பிரச்சினை,” என்றாள் அவள், மிகவும் தன்மையாக.

டில்லிபாபு முதல்முறையாக உருப்படியான கேள்வி ஒன்று கேட்டார். “சரிம்மா. நாங்க சொன்னோம், நீங்க அனுப்புனீங்க. அந்தப் பையன் எப்டி ஒத்துக்கினான்? அவன் சண்ட போடலியா?”

“அவரும் நிழல் வச்சிருக்காரே சார். ஒப்பந்தப் பேச்சு முழுக்க இப்ப அப்படித்தான். எங்க நிழல் அவங்க நிழலோட பேசும்.”

“அது இன்னா பேசிச்சி?”

அவள் மறுபடி மேஜையைத் தொட்டாள். கிருபாவின் குரல் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டுகிற நிருபர்களிடம் அவன் பேசும் குரல். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போன்ற தமிழ். “நிர்வாகம் எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. தனிப்பட்ட ஆட்டக்காரர் முக்கியமில்லை, அணிதான் முக்கியம். ரசிகர்களுக்கு நன்றி. அடுத்த ஆட்டத்தில் கவனம் செலுத்துவோம்.”

“பேட்டிகள வச்சுத்தான் ஆட்டக்காரங்க நிழல் பண்றோம்,” என்றாள் வர்ஷினி. “கிருபாகரன் சார் எல்லாப் பேட்டியிலயும் இதத்தான் சொல்லியிருக்கார். அதனால பேச்சுவார்த்தை சீக்கிரமே முடிஞ்சிருச்சு. கருத்து வேறுபாடே வரல.”

ஆட்டக்காரர்கள் எல்லாரும் உலகம் பூராவும் சொல்கிற வாசகம் அது. சொல்லாவிட்டால் அபராதம்.  ஒரு பக்கம், மனதில் இருப்பதைச் சொல்லாமல் திட்டியவர்கள். இன்னொரு பக்கம், மனதில் இருப்பதைச் சொல்லாமல் சிரித்தவன். நடுவில் மிஷின், இரண்டு பேர் சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் நம்பிவிட்டது.

“வழியே இல்லியாம்மா?”

“இருக்கு சார். ஜூன் கடைசி வரைக்கும் முடிவ மாத்தலாம். கிளப் ஆப்ல குரல் பதிவு பண்ற இடம் இருக்கு. நிறைய ரசிகருங்க அவரப் பத்தி நல்லவிதமா பேசினா நிழல்களோட மனசு மெல்ல திரும்பும்.”

“நல்லவிதமான்னா?”

“பாராட்டி சார்.”

இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேயைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வை என்று சொன்னது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாநகராட்சி மைதானத்தில் வடக்கு கேலரி கூடியது. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கஜபதி நிலைமையை விளக்கினார். 

“அவன் நல்லா ஆடறான்னு வாய் தொறந்து சொல்லணுமா?” என்று கேட்டார் ஏழுமலை. பெரம்பூரில் பந்தல் காண்ட்ராக்ட். “ஏற்கனவே ஒரு முட்டி போயிகீது. இன்னொரு முட்டியும் போட்டும்னு பாக்கறியா?”

“முட்டி இருந்து இன்னாபா பண்ணப் போறான், ஆட எடமில்லாம?” என்றார் கஜபதி. “சொல்லுங்கபா. நான் மொதல்ல சொல்றேன்.”

போனை எடுத்து உதட்டருகில் வைத்துக்கொண்டார். பதினொரு வருஷமாக அந்தப் பையனைப் பார்த்து மனதுக்குள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். எவ்வளவு அழகாக ஓடுகிறான், குனிந்து சாக்ஸை இழுத்துவிடும்போது எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருக்கிறான், மழையில் அந்த ஹைதராபாத் ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் கோட்டின் மேல் விழுந்து அவன் தடுத்த பந்துக்காக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அந்த வழி அடைத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

“கிருபாகரன்…” என்றார். “ஒரு நல்ல மனுசன். யாராண்டயும் வம்புக்குப் போவ மாட்டான்.”

அடுத்து டில்லிபாபு. “அவரு சிரிச்ச மொகம். எப்பவும் சிரிச்சிக்கினே இருப்பாரு.”

“ஏம்பா, இருப்பாருன்ற? இருக்காருன்னு சொல்லு,” என்று யாரோ திருத்தினார்கள்.

ஏழுமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அன்னாரின் சேவை என்றும் எங்கள் நெஞ்சில் நீங்காது நிலைத்திருக்கும்.” அவருக்குத் தெரிந்த புகழ்ச்சி அது ஒன்றுதான். அந்தப் பேட்டையில் ஒரு மனிதனைப் பத்துப் பேர் அறிய நல்லவன் என்று சொல்வது ஒரே ஒரு இடத்தில், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். அதற்காக அவன் முதலில் செத்தாக வேண்டும். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, குரல் தாழ்ந்துகொண்டே போனது. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் நிஜமாகவே அழுதார்.

எல்லோரும் பேசி அனுப்பிவிட்டுப் பார்த்திருந்தார்கள். சற்று நேரத்தில் அத்தனை போன்களும் ஒன்றாகச் சிணுங்கின.

‘உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம். இந்தப் பிரிவின் துயரத்தில் பக்கிங்காம் குடும்பம் உங்களோடு இருக்கிறது.’

கூடவே ஒரு மெழுகுவர்த்திப் படம்.

அடுத்த வாரம் நிர்வாகம் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. ரசிகப் பெருமக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, கிருபாகரனுக்கு மாபெரும் வழியனுப்பு விழா. அனுமதி இலவசம்.

கஜபதி வர்ஷினிக்குப் போன் செய்தார்.

“நாங்க வேணும்னு சொன்னம்மா!”

“கேட்டேன் சார். நானே உக்காந்து கேட்டேன். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா யாருமே அவர் திரும்பி வரணும்னு சொல்லலியே சார்.”

உண்மைதான். அஞ்சலி போஸ்டரில் அப்படி ஒரு வரி போடுவது வழக்கமில்லை.

விழா ஜூன் கடைசி சனிக்கிழமை. பந்தல் ஏழுமலையுடையது. பிரபல ரசிகர் என்ற முறையில் கஜபதிக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் கொடுக்கவில்லை. பேசியது அவருடைய நிழல். பழையதையும் புதியதையும் சேர்த்து அரைத்து வைத்திருந்தது.

“இந்தக் கஸ்மாலம் ஒரு நல்ல மனுசன்,” என்றது ஒலிபெருக்கி, கஜபதியின் குரலில். “யாராண்டயும் வம்புக்குப் போவ மாட்டான். அனுப்புங்கடா வூட்டுக்கு.”

கூட்டம் கை தட்டியது. நிர்வாக இயக்குநர் சால்வை போர்த்தினார். கிருபா குனிந்து வாங்கிக்கொண்டு, நிருபர்களைப் பார்த்து, நிர்வாகத்தின் முடிவு எனக்கு மகிழ்ச்சியே என்றான். பழக்க தோஷம்.

விழா முடிந்து பந்தல் கம்பங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தார் கஜபதி. சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பக்கத்தில் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருந்தான்; காதோரம் நரைத்திருந்தது.

“கிருபா…”

“வா ணா.” அவன் சிரித்தான். “பேனர்ல சூப்பரா கீறணா.”

“என்ன செருப்பால அடிடா.”

“சீ, இன்னாணா நீ. எனக்குத் தெரியாதா? நீங்க திட்டசொல்லதான் நான் நல்லா ஆடறேன்னே எனக்குத் தெரியும்.” காலால் மண்ணைக் கிளறினான். “இந்த மாசம் பூரா நாலு கிளப்புக்குப் பேசிப் பாத்தேன். எல்லாரும் இந்த நெழல் ரிப்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினு கீறாங்க. சொந்த ஊர்க்காரனே வாணாம்னு சொன்ன ஆளாச்சேன்றான். நான் இன்னாணா சொல்ல? எங்க ஊர்ல அதான் அன்புன்னு சொன்னா சிரிக்கிறான்.”

“இப்ப இன்னா பண்ணப் போற?”

“சோழிங்கநல்லூர்ல ஒரு அப்பார்ட்மெண்ட்டு. சாங்காலம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். அஞ்சு வயசு, ஆறு வயசு. பந்தக் கையால எடுக்காதன்னு சொல்லிக் குடுக்கறதுதான் வேல.” சற்று நிறுத்தினான். “அங்க அம்மாமாருங்க ஓரமா நின்னுக்கினு, வெரி குட், வெரி குட்றாங்கணா. எனுக்குப் பயத்துல அல்லு வுட்டுப் போச்சி.”

கஜபதி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“ணா, ஒரு தபா திட்டேன்,” என்றான் கிருபா.

“இன்னாது?”

“சும்மா. ஒரு தபா. ஒரு மாசமா எல்லாரும் என்ன நல்லவன் நல்லவன்றாங்க. ராத்திரி தூக்கம் வர்லணா.”

கஜபதி வாயைத் திறந்தார். கஸ்மாலம், சோமாறி, பேமானி எல்லாம் நுனிநாக்கில் வரிசையில் நின்றன. அப்போது பந்தல் கம்பத்தில் இன்னும் கழற்றாமல் விட்டிருந்த ஒலிவாங்கி கண்ணில் பட்டது. அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இது எங்கே போய் எதாகப் பதிவாகும்? அந்த அப்பார்ட்மெண்ட்டுக்காரர்களும் ரிப்போர்ட் வாங்குவார்களா? இந்த வார்த்தையால் அந்த வேலையும் போய்விட்டால்?

“நல்லா இருப்பா,” என்றார்.

கிருபாவின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாளில் சால்வையாலும் பேனராலும் ஆகாதது அந்த இரண்டு சொல்லால் ஆயிற்று. தலையை ஆட்டிவிட்டு, சால்வையோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். ஓடும்போது தெரியாத ஒரு தாங்கல் நடக்கும்போது இடது காலில் தெரிந்தது.

செப்டம்பரில் புதிய சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்குப் போவதில்லை என்று சகுந்தலாவிடம் சத்தியம் செய்திருந்த கஜபதி, டிக்கெட்டை வீணாக்கக் கூடாது என்று போனார். டில்லிபாபுவும் அதே காரணத்துக்காக வந்திருந்தார். வடக்கு கேலரி நிறைந்திருந்தது. நாலாயிரம் பேரும் நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர்கள் போல வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். திட்டினால் ஒருவன் வேலை போகும். புகழ்ந்தால் கால் போகும், அல்லது சால்வை வரும். பந்து உதைபடும் சத்தம் கேலரியின் மேல்படி வரை கேட்டது. அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கிருபாவின் இடத்தில் கொல்கத்தாவிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் ஒருவன் நின்றான். எதிரணியின் காலிலிருந்து மூன்று தடவை பந்தைப் பறித்தான். ஒவ்வொரு தடவையும் கஜபதி இருக்கையின் விளிம்பு வரை வந்து, அடியில் இருக்கும் மைக்கை நினைத்து, மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டார்.

“எப்டிபா கீறான் பையன்?” என்று உதடு அசையாமல் கேட்டார் டில்லிபாபு.

கஜபதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணால் இருக்கைக்கு அடியைக் காட்டினார்.

பக்கிங்காம் எஃப்.சி. அன்று மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது, புதுப் பையன் கிருபாவைவிட நன்றாக ஆடினான்; அவனைத் திட்டத்தான் ஆளில்லை.